தேவவரம் வீட்டில் கருகல் வாடை

செப்டம்பர் 2, திங்கள்

காலையில் கோவை போய்க் கிருபாவை விமானம் ஏற்றிவிட்டு, மூன்று மணிக்குக் குன்னூர் திரும்பினேன். அவள் சிங்கப்பூரில் வேறு விமானம் மாறி, நாளைக்கு மெல்போர்ன் போய்ச் சேருவாள். எங்கள் மகள் நிஷாந்திக்கு அக்டோபர் முதல் வாரம் பிரசவத்துக்கு நாள் குறித்திருக்கிறார்கள். கிருபா திரும்பிவர டிசம்பர் ஆகிவிடும்.

இந்த நோட்டு அவள் உத்தரவு. என்ன சாப்பிட்டேன், சர்க்கரை மாத்திரை போட்டேனா, நடக்கப் போனேனா என்று தினமும் எழுத வேண்டும். வந்ததும் முதல் வேலையாக இதைத்தான் படிப்பாளாம். பொய் எழுதக் கூடாது என்று வீட்டு வாசலில் ஒருமுறையும் காரில் ஒருமுறையும் சொன்னாள்.

மதியம் இரண்டு இட்லி. இரவு உப்புமா. மாத்திரை போட்டாயிற்று. நடை இல்லை.

ஃப்ரீசரில் இருபத்திரண்டு டப்பாக்களில் சமைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியிருக்கிறது. ‘சொதி, 3 நிமிஷம்.’ ‘மீன் புளிக்குழம்பு, 4 நிமிஷம், தட்டு போட்டு மூடவும்.’ ‘தட்டு போட்டு மூடவும்’ என்பதற்குக் கீழே இரண்டு கோடு. மைக்ரோவேவ் ஓவன் நிஷாந்தி வாங்கித் தந்தது. நேற்று சாயங்காலம் வரைக்கும் நான் அதைத் தொட்டதில்லை. கிருபா கையைப் பிடித்து எந்தப் பொத்தான் என்று காட்டிக் கொடுத்தாள்.

செப்டம்பர் 4, புதன்

மதியம் சாம்பார். இரவும் அதே சாம்பார். மாத்திரை, நடை இரண்டும் ஆயிற்று.

செப்டம்பர் 6, வெள்ளி

மீன் புளிக்குழம்பு. நாலு நிமிஷம் போதவில்லை, நடுவில் ஐஸ் இருந்தது. இன்னும் நாலு நிமிஷம் வைத்துவிட்டு முன்னறையில் வந்து உட்கார்ந்தேன்.

அழைப்பு மணி அடித்தது. பக்கத்து வீட்டு மெஹருன்னிசா. பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறாள். கணவர் கூடலூரில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். மதியச் சாப்பாட்டுக்கு வந்தவள் படியேறும்போதே கருகல் வாடை வந்ததாம். உங்கள் வீட்டிலா எங்கள் வீட்டிலா என்று தெரியவில்லை சார் என்றாள். எங்கள் வீட்டில்தான், எனக்கும் வந்தது, இப்போதுதான் அணைக்கப் போனேன் என்று சொன்னேன். அவள் எட்டிப் பார்த்தாள். உள்ளே ஓவன் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டு, ஆவியோடு துடைத்தால் வாடை போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனாள். செய்தேன். போயிருக்கும்.

வாடை என்றதும் பழைய நினைப்பு வந்துவிட்டது. முப்பத்தைந்து வருஷம் தேயிலை ருசி பார்த்தவன் நான். ஏலத் தரகு கம்பெனியில் மாடி அறை, வடக்குப் பார்த்த ஜன்னல்கள், நீள மேசையில் வரிசையாக வெள்ளைப் பீங்கான் கோப்பைகள். காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்தால் முந்தின நாள் தேயிலை வாசனை மரப்பலகையிலிருந்து கிளம்பி வரும். ஜனவரி பனிக்காலத்து இலை வந்தால் மேசையின் மறுகோடியில் இருக்கும்போதே கண்டுபிடித்துவிடுவேன். ரோஜா மாதிரி என்று மற்றவர்கள் எழுதுவார்கள். ரோஜா இல்லை அது. மழை நின்ற பிறகு கொய்யா மரத்தடியில் நின்றால் வருமே, அது.

கிருபா எண்பத்தாறில் அங்கே தட்டச்சு செய்ய வந்தாள். நாங்கள் சொல்லச் சொல்ல ருசிக் குறிப்புகளை நாலு பிரதி எடுப்பாள். அவள் கையிலிருந்து தாளை வாங்கினால் கார்பன் தாள் வாசனையும் சந்தன சோப்பு வாசனையும் சேர்ந்து வரும். கல்யாணத்துக்கு முன்னால் எட்டு மாதம், தேவையில்லாத குறிப்புகளையெல்லாம் அடிக்கச் சொல்லி வாங்கியிருக்கிறேன்.

மாத்திரை போட்டேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

கோயிலுக்குப் போய் வந்தேன். மதியம் கோழிக்குழம்பு, ஓவனில் சூடாக்கினேன்.

சாயங்காலம் பெள்ளி கவுடர் போன் செய்தார். கோத்தகிரி சாலையில் தேயிலைத் தொழிற்சாலை வைத்திருக்கிறார். சுற்றிலும் உள்ள சிறு விவசாயிகள் இலையை அவருக்குத்தான் கொடுக்கிறார்கள். ஒரு லாட் தேயிலையில் கருகல் இருப்பதாக அவருடைய ருசி பார்க்கும் பெண் சொல்கிறாளாம். அவருக்கும் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கருக்கும் அப்படித் தோன்றவில்லை. வெளியூர்க்காரர் வாங்கிவிட்ட சரக்கு, வியாழக்கிழமை லாரி ஏற்ற வேண்டும். நீங்கள் வந்து ஒரு வாய் பார்த்துச் சொன்னால் போதும் என்றார்.

ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆயிற்று, வேறு யாரையாவது பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். வருகிறேன் என்று சொன்னேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

கவுடர் கார் அனுப்பியிருந்தார். தொழிற்சாலையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

யோகராணி என்பது அந்தப் பெண்ணின் பெயர். இருபத்தாறு வயது இருக்கும். அவளுடைய தாத்தா காலத்தில் இலங்கையிலிருந்து திரும்பி வந்து தோட்ட வேலையில் சேர்ந்த குடும்பம். கோப்பைகளைச் சரியாக அடுக்கி வைத்திருந்தாள். ஐந்து நிமிஷம் ஊறவிட்டு, வடித்து, ஊறிய இலையை மூடியில் கவிழ்த்து வைத்தாள். நான் இலையைப் பார்த்தேன். முகத்தருகே கொண்டுபோனேன். தேநீரை உறிஞ்சினேன், துப்பினேன். இரண்டாவது முறையும் உறிஞ்சினேன். நிறம் நல்ல சிவப்பு. நாக்கில் விறுவிறுப்பு உண்டு.

கருகல் இல்லை என்று சொன்னேன். இலை மழைக்காலத்தில் பறித்தது, கொஞ்சம் முரடு, அதைத்தான் இந்தப் பெண் தப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்றேன். கவுடருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

யோகராணி மட்டும் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. மறுபடி முகர்ந்தாள். “எனக்குத் தெரியுது சார்” என்றாள், மெதுவாக. கவுடர் அவளைப் பார்த்தார். அவள் கோப்பையை வைத்துவிட்டாள்.

கிளம்பும்போது கவுடர் இரண்டு கிலோ தேயிலை கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். மாத்திரை மறந்துவிட்டது.

செப்டம்பர் 11, புதன்

மழை. நடை இல்லை. கிருபாவோடு பேசினேன். என்ன சாப்பாடு என்றாள். புளிக்குழம்பு, நன்றாக மணக்கிறது என்றேன்.

செப்டம்பர் 14, சனி

இன்றைக்கு நடந்ததை எழுதத்தான் வேண்டும். எப்படியும் மெஹருன்னிசா கிருபாவிடம் சொல்லிவிடுவாள்.

காலை பதினொரு மணி. சொதி டப்பாவை ஓவனில் வைத்துவிட்டு முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சமையலறைக்கும் என் நாற்காலிக்கும் பத்தடி தூரம்கூட இல்லை. யாரோ கதவை உடைக்கிற மாதிரி தட்டினார்கள். திறந்தேன். மெஹருன்னிசா என்னைத் தள்ளாத குறையாக உள்ளே ஓடினாள். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். சமையலறை வாசலில் புகை நீலமாக நின்றது. ஓவனுக்குள் படபடவென்று பொறி பறந்துகொண்டிருந்தது.

நான் கதவைத் திறக்கப் போனேன். திறக்காதீங்க என்று கையைத் தட்டிவிட்டு, முதலில் சுவரில் ஸ்விட்சை அணைத்தாள், பிறகு பிளக்கைப் பிடுங்கினாள். காற்று உள்ளே போனால் தீ பிடித்துக்கொள்ளுமாம். உள்ளே அடங்குகிற வரைக்கும் ஓவன் கதவு மூடியே இருக்க வேண்டும் என்றாள். ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டாள். இருமினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் கண் எரிந்தது.

“பக்கத்துலயேதானே சார் இருந்தீங்க?”

பேப்பரில் மூழ்கிவிட்டேன், கொஞ்சம் ஜலதோஷம் வேறு என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவர்கள் வீட்டிலிருந்து ஒரு தட்டில் சோறும் பருப்பும் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஓவன் பழைய ஓவன். ஒயரில் ஏதோ கோளாறு.

செப்டம்பர் 17, செவ்வாய்

ரிப்பேர்க்காரர் மணவாளன் வந்தார். ஐம்பது வயதுக்காரர், இங்கே பெட்போர்டில் கடை. ஓவன் கதவைத் திறந்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒயரில் கோளாறு எதுவும் இல்லை. உள்ளே வலது பக்கச் சுவரில் அட்டை மாதிரி ஒரு மைக்கா தகடு இருக்கிறது. சூடு உண்டாக்கும் அலை அதன் வழியாகத்தான் உள்ளே வரும். மூடாமல் வைத்த குழம்பு தெறித்துத் தெறித்து, அதில் எண்ணெய் ஊறி, தகடே எரிய ஆரம்பித்திருக்கிறது. சின்ன விஷயம், வேறு தகடு வெட்டிப் போட்டுவிடலாம், மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். திருகைக் கழற்றித் தகட்டை வெளியே எடுத்தார். நடுவில் ஒரு ரூபாய் அளவுக்குக் கருகி ஓட்டையாகியிருந்தது.

“இது ஒரு நாள்ல ஆனதில்ல சார். பத்து நாளா நாறியிருக்கும். எப்படித்தான் உள்ள உக்காந்திருந்தீங்களோ. இந்தாங்க, மோந்து பாருங்க.”

தகட்டை என் மூக்குக்கு நேராக நீட்டினார். நான் மூச்சை இழுத்தேன். மோசம்தான் என்று சொன்னேன்.

எனக்கு ஒன்றும் வரவில்லை. ஒரு வெள்ளைத் தாளை நீட்டினால் எப்படியோ அப்படித்தான் இருந்தது. அது கருகியிருக்கிறது என்பது கண்ணால் பார்த்ததால் தெரிந்தது.

கிருபா, இதை நீ படிப்பாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். ஜனவரியில் எனக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்ததே, அதோடு போனது. நீ ஆவி பிடிக்கச் சொல்லி வெந்நீரில் நீலகிரித் தைலத்தை ஊற்றினாய். உனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போர்வைக்குள் எனக்கு வெறும் சூடுதான் தெரிந்தது. சளி அடைப்பு, சரியாகிவிடும் என்று நினைத்தேன். பிப்ரவரி போயிற்று. மார்ச்சில் ஒருநாள் நீ இல்லாத நேரத்தில் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு கிராம்பு, பெருங்காயம், காப்பித்தூள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தேன். கடைசியில் மண்ணெண்ணெய் பாட்டிலையும் முகர்ந்தேன். அதன் பிறகு முகர்ந்து பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்று தோன்றியது. நாற்பது வருஷமாக என்னைப் பற்றி யார் எது சொன்னாலும் மூக்கைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை கவுடர் தொழிற்சாலையில் நான் எதைப் பார்த்துச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

செப்டம்பர் 18, புதன்

மணவாளன் புதுத் தகடு போட்டுவிட்டுப் போனார். ஓவனைச் சோப்பு நீரில் துடைத்தேன். கவுடருக்குப் போன் செய்ய வேண்டும். மழை.

செப்டம்பர் 19, வியாழன்

குழாயில் சொட்டு. வாஷர் மாற்றினேன். சரக்குதான் போன வாரமே போய்விட்டதே, இனிச் சொல்லி என்ன.

செப்டம்பர் 21, சனி

கவுடர் நம்பரைத் தேடி எடுத்தேன். அடிக்கவில்லை. துணி துவைத்தேன். மாத்திரை, நடை ஆயிற்று. மழைக்கால இலையில் முரட்டுத்தனம் இருக்கத்தான் செய்யும். நான் சொன்னது சரியாகவும் இருக்கலாம்.

செப்டம்பர் 23, திங்கள்

கவுடரே போன் செய்தார். சரக்கு முழுவதையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கருகல் வாடை என்று எழுதியிருக்கிறார்களாம். அதற்கு அப்புறம் போன இரண்டு லாட்டையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

அவர் என்னைக் குறை சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு. தேவவரம் சார் பார்த்துச் சொன்ன சரக்கில் கருகல் எப்படி வரும், அந்தப் பெண்தான் தன் வாய் ஜெயிக்க வேண்டும் என்று வாங்கினவர்கள் காதில் போட்டிருப்பாள் என்றார். அவளை ருசி பார்க்கும் அறையிலிருந்து எடுத்து, மூட்டை கட்டும் இடத்தில் போட்டுவிட்டாராம். இந்த மாதத்தோடு நிறுத்திவிடவும் யோசனை.

“நீங்க ஒரு லெட்டர் மட்டும் எழுதிக் குடுங்க சார். உங்க கையெழுத்து இருந்தா அவங்க வாயத் தொறக்க மாட்டாங்க.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என்ன யோசனை என்று அவருக்குப் புரியவில்லை.

இரண்டு முறை உட்கார்ந்து கடிதம் எழுதப் பார்த்தேன். ‘மேற்படி தேயிலையை நான் நேரில் பரிசோதித்தேன்’ என்பது வரைக்கும் கை தானாகவே போயிற்று. வழக்கமான வாசகம், எத்தனையோ ஆயிரம் தடவை எழுதியது. அந்த வாசகத்தைத் தட்டச்சு செய்தவள் நீ. அதற்கு மேல் எழுத முடியவில்லை.

சாப்பிடவில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

காலை எட்டு மணி பஸ்ஸில் போனேன். கார் அனுப்பச் சொல்லிக் கேட்க மனம் வரவில்லை.

கவுடர் அறையில் டீ மேக்கர் இருந்தார். அவர் இருக்கட்டும் என்றேன். கவுடர் கடிதத்துக்குக் கையை நீட்டினார்.

“கவுடரே, அந்தத் தேயிலையில கருகல் இருந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது.”

அவர் சிரித்தார். நான் வேடிக்கைப் பேச்சு பேசுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

“எனக்கு மூக்கு வேலை செய்யல. ஜனவரியில வந்த காய்ச்சலோட போயிருச்சு. அன்னைக்கு இந்த மேசையில நான் பார்த்தது கண்ணுலயும் நாக்குலயும்தான். உங்ககிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி.”

டீ மேக்கர் தலையைக் குனிந்துகொண்டார். கவுடர் மேசை மேல் இருந்த தேயிலையைக் கையில் அள்ளினார், முகர்ந்தார், கீழே கொட்டினார். அவள் சொன்ன அன்றே இலை உலர்த்தும் ட்ரையரை நிறுத்திப் பார்த்திருப்பேன் என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாற்பது சிறு விவசாயிகளின் இலை அந்த மூன்று லாட்டிலும் இருக்கிறது.

யோகராணியைக் கூப்பிடச் சொன்னேன். தலையில் துண்டு கட்டி, புருவமெல்லாம் தேயிலைத் தூசியோடு வந்து நின்றாள். கவுடருக்குச் சொன்னதையே அவளுக்கும் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். அவள் முதலில் கவுடரைப் பார்த்தாள். பிறகு என்னை.

“அன்னைக்கு வீட்டுக்குப் போயி அடுப்புல சோத்தக் கருக விட்டுப் பார்த்தேன் சார். மொளகா வறுத்துப் பார்த்தேன். எனக்குத்தான் மூக்கு கெட்டுப்போச்சோன்னு நெனச்சேன். நீங்க சொன்னா தப்பா இருக்காதேன்னு.” நிறுத்தினாள். “ரெண்டு வாரமா சார்.”

அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே, ட்ரையரைப் பார்க்கப் போகலாமா என்று டீ மேக்கரைக் கேட்டாள். இருவரும் போனார்கள்.

எப்போதும் கவுடர் கார் வரைக்கும் வந்து வழியனுப்புவார். இன்று எழுந்திருக்கவில்லை. வெளிக்கேட்டிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு ஒரு மைல். நடந்தேன். வழியெல்லாம் இலை பறித்துக்கொண்டிருந்தார்கள். நன்றாக மழை பெய்து வெயில் அடித்திருந்தது. என்ன வாசனை வரும் என்று எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 27, வெள்ளி

கோவையில் காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பார்த்தேன். மெஹருன்னிசா விடுப்பு எடுத்துக்கொண்டு கூட வந்தாள். நேற்று அவளிடம் சொல்லிவிட்டேன். முதல் தடவையே சொல்லியிருந்தால் போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்த்திருப்பேனே சார் என்றாள். அன்றைக்கு அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோதே பாதி புரிந்துகொண்டிருக்கிறாள்.

டாக்டர் சின்ன வயதுக்காரர். காய்ச்சலில் வாசனை நரம்பு அடிபட்டிருக்கிறது, சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது, எட்டு மாதம் தாமதித்துவிட்டீர்கள் என்றார். என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். தினம் இரண்டு வேளை கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, நீலகிரித் தைலம் நாலையும் முகர வேண்டும். வாசனை வராவிட்டாலும் அது எப்படி இருந்தது என்று நினைத்துக்கொண்டே முகர வேண்டுமாம்.

நினைத்துக்கொள்வதில் எனக்குக் கஷ்டமே இல்லை.

திரும்பும்போது கேஸ் கசிந்தால் கத்துகிற கருவியும், புகைக்குக் கத்துகிற கருவியும் வாங்கினோம். மெஹருன்னிசாவின் கணவர் நாளை மாட்டித் தருகிறார்.

செப்டம்பர் 29, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் கிருபாவைக் கூப்பிட்டேன். நோட்டில் படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று டிசம்பர் வரைக்கும் விட்டுவைக்க முடியாது. எல்லாவற்றையும் சொன்னேன். கவுடர் விஷயமும் சொன்னேன்.

முதலில் பயந்தாள். எட்டு மாதமாகக் கேஸ் அடுப்பைப் பற்ற வைத்தீர்களே, நான் ஊருக்குப் போயிருந்த நாளெல்லாம் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டாள். அப்புறம் கோபம் வந்தது.

“அப்ப நான் சமைச்சதையெல்லாம் நல்லா மணக்குதுன்னு சொன்னீங்களே?”

“ஞாபகத்துலருந்து சொன்னேன்.”

“எந்த ஞாபகம்?”

எண்பத்தேழில் நாங்கள் வாடகைக்கு இருந்த ஒற்றை அறை வீட்டில் அவள் முதல்முதலாகச் சொதி வைத்ததைச் சொன்னேன். விறகு ஈரம். தேங்காய்ப்பால் கொஞ்சம் திரிந்துபோயிற்று. இஞ்சி அதிகம். பூண்டு தோல் கருகின வாசனை, அடுத்த அறையில் துணி தேய்க்கிறவரின் கரிப்பெட்டி வாசனை, அவள் தலையில் காயாத தண்ணீர், எல்லாம் ஒரே சமயத்தில். ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் அதையெல்லாம் மறந்திருந்தாள். திரிந்துபோனதை அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். நிஷாந்தி ஏதோ கேட்க, ஒண்ணுமில்ல, அப்பாகூடப் பேசிட்டிருக்கேன் என்றாள்.

எனக்குச் சொல்லாமல் இருந்தது பெரிய தப்பு என்றாள். ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 30, திங்கள்

கிருபா பேசவில்லை. நிஷாந்தி மட்டும் செய்தி அனுப்பியிருந்தாள்: அம்மா இன்னும் கோபமாக இருக்கிறாள், சாப்பிடுங்கள்.

தயிர்சாதம்.

அக்டோபர் 2, புதன்

யோகராணி போன் செய்தாள். ட்ரையருக்குக் காற்று அடிக்கிற விசிறியின் பெல்ட் தளர்ந்திருந்ததாம். காற்று குறைந்து, சூடு ஏறி, இலை அடியில் தங்கித் தீய்ந்திருக்கிறது. மாற்றியாயிற்று. அவளைப் பழைய இடத்துக்கே கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்த சரக்கு வீணாகத்தான் போகிறது. கவுடர் உங்களைப் பற்றி எதுவும் பேசுவதில்லை சார் என்றாள்.

போனை வைப்பதற்கு முன்னால், டாக்டரைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். சரிங்க சார் என்றாள்.

சாயங்காலம் கிருபா கூப்பிட்டாள். கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்லவில்லை. இருபத்திரண்டு டப்பாவில் எத்தனை மீதி இருக்கிறது என்று கேட்டாள். மூடி வைத்துச் சூடாக்குகிறேன் என்றேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

பெண் குழந்தை. இந்திய நேரம் காலை ஆறே காலுக்குப் பிறந்தது. மூன்று கிலோ நூறு. நிஷாந்தி நன்றாக இருக்கிறாள்.

பத்து மணிக்குக் கிருபா ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். குழந்தையைத் துணியில் சுற்றி மார்போடு வைத்திருந்தாள். கண் மூடித் தூங்கிக்கொண்டிருந்தது. நிஷாந்திக்கு இருந்த அதே நெற்றி. கிருபா போனை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினாள். ஏதாவது பேசுங்கள் என்றாள்.

தலையை மோந்து பார் என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு என்னைப் பார்த்தாள். குழந்தையின் உச்சந்தலைக்குக் குனிந்தாள்.

“பால் மாதிரி இருக்குங்க.”

“பச்சைப் பாலா, காய்ச்சுன பாலா?”

மறுபடி முகர்ந்தாள். “ரெண்டும் இல்ல. பால் கொதிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னால வருமே, அது. அப்புறம்…” தேடினாள். “வெயில்ல காயப்போட்ட வெள்ளைத் துணி. அதுக்கு அடியில என்னமோ இருக்கு. இரும்பு மாதிரி.”

“இரும்பா?”

“லேசா. பயப்படாதீங்க. இப்பத்தான பொறந்துச்சு, கழுவுனதுல சரியாப் போகலயோ என்னவோ. காதுகிட்ட வேற மாதிரி இருக்கு.”

“எப்படி?”

கட்டிலில் படுத்திருந்த நிஷாந்தி, அம்மா என்ன பண்றீங்க என்று கேட்பது காதில் விழுந்தது. இரு, அப்பாவுக்குச் சொல்லணும் என்றாள் கிருபா. போனைத் தலையணையில் சாய்த்து வைத்தாள். இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்கி, அதன் காதோரம் முகத்தைப் பதித்துக்கொண்டாள். இந்த முறை அவள் சீக்கிரம் நிமிரவில்லை. நான் காத்திருந்தேன்.